பெண் வேடத்தில் புகழ் பெற்ற பால கந்தர்வர்

புனே ஜங்லி மகராஜ் சாலையில் உள்ள பால கந்தர்வ ரங்க மந்திரை இங்குள்ள தமிழர்கள் அறிவார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் யார்?

அவருடைய சொந்தப் பெயர் நாராயண் ஸ்ரீபாத் ராஜஹம்ஸ். 1888-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி பிறந்தார். சிறுவனாகப் புனேயில் பாடியபோது, அதைக் கேட்ட திலகர் அவரைப் பால கந்தர்வன் என்று அழைத்தாராம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மராட்டிய மேடையில் முன்பெல்லாம் சூத்திரதாரிதான் பாடுவார். அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் 1880-ல் புனேயில் "சாகுந்தல்" நாடகத்தை அரங்கேற்றி, பாத்திரங்களையே பாட வைத்தார். அவர் தொடங்கிய கம்பெனியில், அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1905-ல் ராஜஹம்ஸ் ஸ்திரீபார்ட்டாகச் சேர்ந்தார். நம் ஊர் பாய்ஸ் கம்பெனிகளைப் போல அங்கும் ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள்.

1911 மார்ச் 12. பம்பாயில் காடில்கரின் "மானாபமான்" நாடகம் அரங்கேறும் நாள். அன்றுதான் அவருடைய பச்சிளங் குழந்தை இறந்தது. நாடகத்தைத் தள்ளி வைக்கலாம் என்றார்கள். அவர் இசையவில்லை. புடவை கட்டி, நகை பூட்டி, கதாநாயகி பாமினியாக மேடை ஏறிக் காதல் பாட்டுகள் பாடினார். பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

1913-ல் சொந்தக் கம்பெனி கண்டார். "ஒன்ஸ்மோர்" கேட்டால் சலிக்காமல் பாடுவார். நாடகம் முடிய விடிந்துவிடும். அவர் புடவை கட்டும் பாங்கைக் குடும்பப் பெண்களே பின்பற்றினார்கள். மேடையில் அசல் பட்டு, அத்தர் மணம். தபலாவுக்கு அகமத்ஜான் திரக்வா! வரவுக்கு மீறிய செலவு. எந்தக் கணக்குப்பிள்ளையும் இதற்கு ஒப்பமாட்டார். கடன் கழுத்தை நெரித்தது. ஆனாலும் 1921-ல் திலகர் சுயராஜ்ய நிதிக்காக, போட்டிக் கம்பெனியின் கேசவராவ் போசலேயுடன் சேர்ந்து நடித்துக் கொடுத்தார்.

பேசும் படம் வந்தது. நாடகக் கொட்டகைகள் காலியாயின. 1935-ல் புனே பிரபாத் கம்பெனியின் "தர்மாத்மா" படத்தில் ஏகநாதராக, ஆண் வேடத்தில் நடித்தார். சினிமா அவருக்கு ஒட்டவில்லை. மீண்டும் மேடைக்கே திரும்பினார். பழைய கூட்டம் திரும்பவில்லை. முதுமையில் கால்களும் செயலிழந்தன.

1962-ல் ரங்க மந்திருக்கு அவர் கையாலேயே பூமி பூஜை நடந்தது. 1964-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1967 ஜூலை 15-ந் தேதி புனேயில் காலமானார். மறு ஆண்டு அவருடைய பிறந்த நாளில் ரங்க மந்திர் திறக்கப்பட்டது.