கல்லாயுதம் கண்ட புரூஸ் பூட்

ஒரு தேசத்தின் சரித்திரத்தை ஆராய்வோர் ஏடுகளையும் கல்வெட்டுக்களையும் நாணயங்களையும் சான்றாகக் கொள்வர். எழுத்து என்பதே தோன்றாத காலத்து மாந்தரின் வரலாற்றுக்கு இவற்றுள் ஒன்றும் துணைசெய்யாது. அவர்கள் உடுத்த தோலும் ஏந்திய கோலும் மக்கி மண்ணாயின. அழியாது எஞ்சியவை பெரும்பாலும் அவர்கள் செதுக்கிய கற்களே. அத்தகைய பழங்கற்காலக் கருவியை நம் நாட்டில் இன்னதென்று கண்டு, அதன் தொன்மையை முறைப்படி நிலைநாட்டிய பெரியார் ராபர்ட் புரூஸ் பூட் ஆவர்.

இவர் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்து தேசத்துச் செல்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858-ஆம் ஆண்டில் இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சிப் பகுதியில் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் பணியேற்றார். பாறைகளின் இயல்பையும் மண்ணடுக்குகளின் கிடக்கையையும் ஆராய்ந்து படம் வரைவதே அவருக்கு இட்ட தொழில். ஆதி மாந்தரின் சுவடுகளைத் தேடுக என்று அவரை எவரும் ஏவவில்லை. யாழ்ப்பாணத்தில் ஊழியம் புரிந்து, ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழாக்கிய பெர்சிவல் பாதிரியாரின் புதல்வியை இவர் மணந்தார். இதனால் தமிழ் நாட்டோடு இவருக்கிருந்த தொடர்பு உத்தியோகத்தளவில் நில்லாதாயிற்று.

அக்காலத்தே ஐரோப்பாவில் பெரியதொரு வாதம் நிகழ்ந்துகொண்டிருந்தது. பிரான்சு தேசத்துச் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில், மறைந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு செதுக்கிய கற்களும் கிடக்கின்றன என்று பூஷே தெ பெர்த் என்பவர் பல்லாண்டுகளாகக் கூறிவந்தார். கற்றோர் பலர் அதனை ஏற்கவில்லை. 1859-ஆம் ஆண்டில் பிரெஸ்ட்விச், எவன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் நேரிற் சென்று கண்டு, அவர் கூற்று மெய்யே என்று உறுதிசெய்தனர். இச்செய்தியை அறிந்திருந்த பூட், தாம் செல்லுமிடங்களிலும் இத்தகைய கற்கள் உளவோ என்று நோக்கலானார்.

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், தோண்டப்பட்ட செம்புறாங்கற் சரளையினிடையே ஒரு கல் அவர் கண்ணிற் பட்டது. மழையும் வெயிலும் ஆற்று நீரும் உடைத்த கல்லுக்கு ஒழுங்கு இராது. இக்கல்லிலோ இருபுறமும் சில்லுகள் பெயர்க்கப்பட்டு, விளிம்பு கூராக்கப்பட்டிருந்தது. அது மனிதன் கைபட்ட கல்லே என்று அவர் தெளிந்தார்.

எனினும், ஒரு கல்லால் ஒரு யுகத்தை நிறுவுதல் கூடுமோ? தோண்டி வெளியே எறியப்பட்ட கல், எந்த அடுக்கிற்குரியது என்று ஐயமறச் சொல்லுதல் அரிது. அண்மைக் காலத்தது என்று ஒருவர் மறுப்பினும், அவரை வெல்லச் சான்று வேண்டும். கல்லின் வடிவம் மனிதனைக் காட்டும். அது கிடந்த மண்ணடுக்கே காலத்தைக் காட்டும். ஆதலின் பூட் அவ்வொரு கல்லோடு அமையாது மேலும் தேடினார். அவ்வாண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் அவரும், உடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பாரும் கொற்றலையாற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்தனர். ஆங்கு ஓடைக்கரையில் குவார்ட்ஸைட் என்னும் உறுதியான கல்லாற் செய்த கைக்கோடரிகள் பல கிடைத்தன. அவற்றுட் சில, தாம் பண்டு புதைந்த அடுக்கினின்றும் பெயராதிருந்தமையும் புலனாயிற்று. ஐயம் நீங்கிற்று.

இக்கற்கள் நமக்கு உணர்த்துவன யாவை? கைக்கோடரி செய்பவன் தகுந்த கல்லைத் தேர்தல் வேண்டும்; எவ்விடத்து அடித்தால் எவ்வாறு சில்லு பெயரும் என்று அறிதல் வேண்டும்; முடிவில் வரவேண்டிய வடிவை முன்னரே மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஒரே வடிவம் எண்ணற்ற தலைமுறைகளாகத் தொடர்ந்தமையால், மூத்தோர் செய்யக் கண்டு இளையோர் பயின்றனர் என்பதும் விளங்கும்.

பூட்டின் உழைப்பு இதனோடு முடிந்ததன்று. கர்நூல் ஜில்லாவின் பில்லசுர்க்கம் குகைகளைத் தம் மைந்தரோடு ஆராய்ந்தார். பல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகள், புதிய கற்காலத்தில் ஆனிரை வளர்த்த மக்கள் விட்ட சாணம் எரிந்து குவிந்தவை என்று அவர் கருதினார்; பிற்கால அகழாய்வுகள் அக்கருத்தை வலியுறுத்தின. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் இடையே நெடிய இடைவெளி உண்டென்று அவர் எண்ணினார். அவ்விடைவெளியை நிரப்பும் கருவிகளைப் பின்வந்தோர் கண்டெடுத்தனர். 1891-ல் ஓய்வு பெற்ற பின்னரும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காக உழைத்தார்.

ஏற்காட்டில் வாழ்ந்த அவர், வாழ்நாளெல்லாம் சேர்த்த கருவிகளைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தாரல்லர். அவை 1904-ல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. ஒவ்வொன்றும் கிடைத்த இடத்தைக் குறித்துவைத்தமையே அத்தொகுதியின் பெருமதிப்பு. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் அவர் காலமானார். அவர் எழுதிய அட்டவணையும் குறிப்புகளும் 1914, 1916-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

கற்களின் வயதை ஆண்டுக் கணக்கிற் கூறும் கருவி அவர் காலத்தில் இல்லை. 1999 முதல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அத்திரம்பாக்கத்தை மீண்டும் அகழ்ந்தனர். அங்குள்ள பழங்கருவிகள் குறைந்தது 10 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்கும், சராசரியாக ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று 2011-ல் அறிவித்தனர். மேலடுக்கில், கைக்கோடரியை விடுத்துச் சிறு கருவிகளை நாடிய மாற்றம் சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிற்று என்று 2018-ல் வெளியிட்டனர். மனித எலும்பு ஆங்குக் கிடைக்காமையின், செய்தவர் எவ்வினத்தார் என்பதைக் கற்கள் மட்டும் கூறமாட்டா. ஆயினும் அவர்தம் கைத்திறனையும் கருத்தையும் அவை கூறுகின்றன.

பல்லாவரத்துச் சரளையை எத்தனையோ பேர் மிதித்துச் சென்றனர்; வாரிச் சாலைக்கு இட்டனர். பூட் ஒருவரே குனிந்து எடுத்தார், எடுத்தபின் ஐயுற்றார், ஐயுற்றபின் தேடித் தெளிந்தார். கல்வி பயிலும் நாம் அவர்பாற் கற்கத்தக்கது இம்மூன்றுமாம். கண்டதே போதுமென்று அமைவோன் அறிவுக்கு ஒன்றும் ஈட்டான். கண்டதற்குச் சான்று தேடுவோனே அதனை வளர்ப்பான்.