வானூர்தி காத்த வளையம்

நுழையும்முன்

எஞ்சினின் ஆற்றலைப் பெருக்க விரும்புவோர் அதனுள் மிகுதியான காற்றை அழுத்திச் செலுத்துவர். காற்று மிகுந்தால் எரிபொருளும் அதற்கேற்ப மிகுதல் வேண்டும். எரிபொருள் குறைந்தாலும் கேடு; அளவு கடந்தாலும் கேடு. போர்க்கால நெருக்கடியில் இச்சிக்கலுக்கு எளிய தீர்வு கண்டவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

பீட்ரிஸ் ஷில்லிங் 1909ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் உள்ள வாட்டர்லூவில் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை இறைச்சிக் கடை நடத்தியவர். சிறுமியாக இருந்தபோதே கருவிகளைக் கையாள்வதில் பீட்ரிஸ் பேரார்வம் கொண்டிருந்தார். 14ஆம் வயதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதை ஓட்டியதோடு அமையாமல், கழற்றிப் பூட்டவும் பழுது நீக்கவும் தாமே கற்றுக்கொண்டார்.

அக்காலத்தில் பெண்கள் பொறியியல் பயில்வது மிக அரிது. மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்னும் பெண் பொறியாளர் நடத்திய மின் நிறுவனத்தில் பீட்ரிஸ் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அங்கே மின்கம்பி பொருத்துதல், மின்னாக்கி நிறுவுதல் ஆகிய பணிகளைச் செய்தார். அவருடைய திறமையை உணர்ந்த பார்ட்ரிட்ஜ், பல்கலைக்கழகத்தில் சேருமாறு ஊக்குவித்தார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்று 1932ஆம் ஆண்டு பட்டம் பெற்ற பீட்ரிஸ், தொடர்ந்து இயந்திரப் பொறியியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பின்னர் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சின்களைப் பற்றிய ஆய்வில் உதவியாளராகப் பணியாற்றினார்.

பந்தயக் களத்தில்

ஏட்டுக் கல்வியோடு அவர் நின்றுவிடவில்லை. புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மோட்டார் சைக்கிள் போட்டிகளில் கலந்துகொண்டார். 1934ஆம் ஆண்டு நார்ட்டன் வண்டியில் மணிக்கு 106 மைல், அதாவது ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வேகத்தில் அத்தடத்தைச் சுற்றி வந்தார். மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் சுற்றியோருக்கு வழங்கப்பெறும் தங்க விண்மீன் விருது அவருக்குக் கிடைத்தது.

1936ஆம் ஆண்டு ஃபார்ன்பரோவில் இருந்த அரச வானூர்தி ஆய்வு நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். முதலில் தொழில்நுட்பக் குறிப்புகள் எழுதும் பணியே அவருக்குத் தரப்பட்டது. எனினும், விரைவில் வானூர்தி எஞ்சின்களின் கார்புரேட்டர் ஆய்வுக்கு மாறினார். 1938ஆம் ஆண்டு அந்நிறுவனத்திலேயே பணிபுரிந்த ஜார்ஜ் நெய்லரை மணந்தார்.

வானில் எழுந்த இடர்

இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1940ஆம் ஆண்டு ஜெர்மானிய வானூர்திகள் பிரிட்டன் மீது தாக்குதல் தொடுத்தன. அவற்றை எதிர்த்த ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் ஆகிய போர் வானூர்திகளில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. 12 சிலிண்டர்களும் 27 லிட்டர் கொள்ளளவும் உடைய அவ்வெஞ்சின், சூப்பர்சார்ஜரின் துணையால் பேராற்றலை வழங்கியது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று தேவை. உயரம் கூடக்கூடக் காற்று அடர்த்தி குறைகிறது. சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தி அக்குறையைப் போக்கியது. அதற்கேற்ற எரிபொருளை அளந்து தரும் பொறுப்பு கார்புரேட்டரைச் சார்ந்தது. அதனுள் இருந்த சிறு அறையில் ஒரு மிதவை உண்டு. எரிபொருள் மட்டம் உயர்ந்தால் மிதவை மேலெழுந்து வழியை அடைக்கும். மட்டம் தாழ்ந்தால் வழியைத் திறக்கும்.

வானூர்தி நேராகப் பறக்கும்போது இவ்வமைப்பு நன்கு இயங்கியது. ஆனால், விமானி திடீரென முகப்பைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் எரிபொருள் அறையின் மேற்புறத்திற்குத் தள்ளப்பட்டது. எஞ்சின் முதலில் எரிபொருளின்றித் தடுமாறியது. அடுத்த நொடியில் மிதவை இடம் பெயர்ந்து, வழி முழுவதுமாகத் திறந்துகொண்டது. விசைக்குழாய் எரிபொருளை வெள்ளமாகச் செலுத்தியது. எரிய வேண்டிய எஞ்சின் எரிபொருளிலேயே மூழ்கி ஆற்றல் இழந்தது.

எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 வானூர்தியிலோ எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை இருந்தது. ஆகவே, அது தடையின்றிப் பாய்ந்து தப்பியது. அதைத் துரத்திய பிரிட்டிஷ் விமானிகள், முதலில் வானூர்தியைத் தலைகீழாகப் புரட்டிப் பிறகே கீழே பாய வேண்டியிருந்தது. அதற்குள் எதிரி தொலைவில் சென்றுவிடுவான். துரத்தப்படும் வேளையிலோ, எஞ்சின் ஓய்ந்த சில நொடிகளே ஒரு விமானியின் உயிரைப் பறிக்கப் போதுமானவை.

எளிய தீர்வு

புதிய கார்புரேட்டரை வடிவமைக்க நெடுங்காலம் ஆகும். அதுவரை போர் காத்திருக்காது. பீட்ரிஸ் சிக்கலின் வேரை நோக்கினார். எஞ்சின் முழு ஆற்றலுடன் இயங்கும்போது எவ்வளவு எரிபொருள் தேவையோ, அவ்வளவு மட்டுமே எந்நிலையிலும் உள்ளே செல்லுமாயின் வெள்ளப்பெருக்கு நேராது என்று கண்டார். ஆகவே, நடுவில் துல்லியமான துளையுடைய சிறு பித்தளைக் குப்பியை எரிபொருள் குழாயில் பொருத்தச் செய்தார். பின்னர் அது தட்டையான வளையமாக மேலும் எளிமையாக்கப்பட்டது.

துளை சிறுத்தால் எஞ்சின் பட்டினி கிடக்கும். பெருத்தால் பயன் இராது. எனவே, சூப்பர்சார்ஜரின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 12 பவுண்டாக உள்ள எஞ்சினுக்கு ஒரு வளையமும், 15 பவுண்டாக உள்ள எஞ்சினுக்கு மற்றொரு வளையமும் உருவாக்கப்பட்டன.

வளையத்தைப் பொருத்த வானூர்தியைப் பணியிலிருந்து விலக்கத் தேவையில்லை. 1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீட்ரிஸ் ஒரு சிறு குழுவுடன் விமானத் தளங்களுக்கு நேரில் சென்று அப்பணியை நடத்தினார். விமானிகள் அவ்வளையத்தை அவருடைய பெயராலேயே அழைத்து மகிழ்ந்தனர். அது முழுமையான தீர்வன்று. வானூர்தி நெடுநேரம் தலைகீழாகப் பறக்க அது உதவவில்லை. ஆயினும், 1943ஆம் ஆண்டு அழுத்தவகைக் கார்புரேட்டர் வரும்வரை விமானிகளுக்கு அதுவே துணையாக நின்றது.

இன்றும் பொருந்தும் உண்மை

இன்றைய கார்களில் டர்போசார்ஜர் பொருத்தப்படுகிறது. சூப்பர்சார்ஜர் எஞ்சினின் சுழற்சியால் இயங்குவது. டர்போசார்ஜர் வெளியேறும் புகையின் விசையால் இயங்குவது. இரண்டின் பணியும் காற்றை அழுத்துவதே. டர்போசார்ஜரைப் புதிதாகப் பொருத்துவோர், எரிபொருள் பம்பையும் இன்ஜெக்டரையும் அதற்கேற்ப மாற்றியமைக்க வேண்டும். எரிபொருள் போதாவிடில் வெப்பம் மிகுந்து பிஸ்டன் உருகிப் பழுதாகும். மிகுந்துவிட்டால் கரும்புகை எழும்பி ஆற்றல் குன்றும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி எஞ்சினுக்கும் பொருந்துவதே.

பிற்காலம்

போருக்குப் பின்னர் பீட்ரிஸுக்குப் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருது வழங்கப்பெற்றது. ஏவுகணை ஆய்விலும், ஈரமான ஓடுதளங்களில் வானூர்தியின் தடை இயங்கும் விதம் பற்றிய ஆய்விலும் அவர் ஈடுபட்டார். கணவருடன் கார்ப் பந்தயங்களிலும் பங்கேற்றார். 1967ஆம் ஆண்டு, டான் கர்னியின் பந்தயக் காரில் எஞ்சின் மிகையாகச் சூடேறியபோது அவருடைய உதவி நாடப்பெற்றது. 1969ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்ற அவர், 1990ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் மறைந்தார்.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைத் துண்டு பல விமானிகளுக்குத் துணிவு தந்தது. அதன் மதிப்பு உலோகத்தில் இல்லை. துளையின் அளவைச் சரியாகக் கணித்த அறிவில் உள்ளது.

சொற்பொருள்

இடர் – துன்பம்
மிதவை – நீர்மத்தின் மேல் மிதக்கும் பொருள்
மட்டம் – நிரம்பியுள்ள அளவு
துல்லியம் – பிழையற்ற சரியான அளவு

பிரித்து எழுதுக

1. பேராற்றல்
2. நெடுங்காலம்
3. அவ்வளையம்

வினாக்கள்

1. வானூர்தியின் முகப்பைத் திடீரெனச் சாய்த்தபோது மெர்லின் எஞ்சின் ஆற்றல் இழந்தது ஏன்?
2. இருவகை வளையங்கள் உருவாக்கப்பட்டதற்குக் காரணம் யாது?
3. சூப்பர்சார்ஜருக்கும் டர்போசார்ஜருக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
4. முழுமையான தீர்வு கிட்டும்வரை காத்திருப்பதா, இயன்ற தீர்வை உடனே செயல்படுத்துவதா? பாடத்தின் துணைகொண்டு உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.