மேளச் சத்தம் ஆகாது, சட்டை லேபிள் உறுத்தும்... இது குழந்தையின் அடம் இல்லை என்று நிரூபிக்கப் போராடிய ஜீன் ஏர்ஸ் யார்?

உடுமலைப்பேட்டை மாரியம்மன் கோயில் தேர் நோம்பி. ஊரே தேரைப் பார்க்கத் திரண்டு நிற்கும்போது, மேளம் அடிச்ச உடனே ஒரு குழந்தை மட்டும் காதைப் பொத்திக்கிட்டு அழுது. வீட்டில் மிக்ஸி போட்டால் அலறல். புது யூனிஃபார்ம் போட்டால் கழுத்து லேபிள் உறுத்துதுன்னு ரகளை. தயிர் சாதம் கையில் ஒட்டினால் சாப்பாடே வேண்டாம்.

சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க? செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க, ரெண்டு போட்டா சரியாயிடும். பெற்றோருக்கோ குழந்தையின் கஷ்டம் ஒரு பக்கம், ஊர் பேச்சு ஒரு பக்கம்.

இது வளர்ப்புக் கோளாறு இல்லை, மூளை புலன்களைக் கையாளும் விதத்தில் இருக்கும் சிக்கலாக இருக்கலாம் என்று சொல்லி, அதைச் சோதித்துப் பார்க்க வழியும் உருவாக்கியவர் ஒரு அமெரிக்கப் பெண். பெயர் அன்னா ஜீன் ஏர்ஸ்.

தோட்டத்தில் வளர்ந்த பெண்

1920 ஜூலை 18-ம் தேதி கலிபோர்னியாவின் விசாலியா என்ற ஊரில் பிறந்தார் ஏர்ஸ். குடும்பத்துக்கு வால்நட் தோட்டம். தென்னந்தோப்புக்குள் வளரும் உடுமலைக் குழந்தை மாதிரிதான் அவரும் வளர்ந்தார். ஆனால் படிப்பு சுலபமாக வரவில்லை. பிற்காலத்தில் அவர் எந்தக் குழந்தைகளை ஆராய்ந்தாரோ, அவர்களுக்கு இருந்த மாதிரியான சிரமங்கள் சின்ன வயதில் அவருக்கே இருந்தன.

ஆனாலும் விடவில்லை. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1945-ல் ஆக்குபேஷனல் தெரபி பட்டம், 1954-ல் முதுகலை, 1961-ல் கல்வி உளவியலில் முனைவர் பட்டம். அதற்குப் பிறகும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து படித்தார்.

ஆக்குபேஷனல் தெரபி என்றால் வேலை வாங்கித் தரும் பயிற்சி இல்லை. சாப்பிடுவது, சட்டை போடுவது, எழுதுவது, விளையாடுவது என அன்றாட வேலைகளைச் செய்ய முடியாதவர்களுக்கு அதைச் செய்ய உதவும் சிகிச்சை.

ஐம்புலன் மட்டும் போதாது

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்தைத்தான் நாம் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். ஏர்ஸ் இன்னும் இரண்டை முக்கியமாகப் பார்த்தார். ஒன்று, உள்காதில் இருக்கும் சமநிலை உணர்வு. இன்னொன்று, கை கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே சொல்லும் தசை, மூட்டு உணர்வு.

பழைய பேருந்து நிலையச் சந்திப்பில் நாலு பக்கமும் வண்டி வரும்போது போக்குவரத்துக் காவலர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? மூளைக்கு வரும் தகவல்கள் ஒழுங்காகச் சேராவிட்டாலும் அதே நெரிசல்தான். சில குழந்தைகளுக்கு லேசான தொடுதலே தாங்காது. சில குழந்தைகளுக்கு எவ்வளவு குதித்தாலும், சுற்றினாலும் போதாது. 1972-ல் வெளியான தன் புத்தகத்தில் இதைப் புலன் ஒருங்கிணைப்பு, அதாவது சென்சரி இன்டக்ரேஷன் என்ற கோட்பாடாக விளக்கினார். 1979-ல் பெற்றோருக்காகவே எளிமையாக இன்னொரு புத்தகமும் எழுதினார்.

ஊஞ்சலே மருந்து

1970-களின் பின்பாதியில் கலிபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் சொந்தமாக கிளினிக் தொடங்கினார். அங்கே ஊஞ்சல், தொங்கு வலை, சக்கரம் வைத்த பலகை எல்லாம் உண்டு. ஆடித் தூரி கட்டி ஆடும் கொங்கு மக்களுக்கு இது புதுசாகத் தெரியாது. ஆனால் ஒரு வித்தியாசம். எந்தக் குழந்தைக்கு எந்த அசைவு, எவ்வளவு நேரம் என்பதை சோதித்துப் பார்த்து தெரபிஸ்ட் முடிவு செய்வார். குழந்தைக்கு அது விளையாட்டாகவே இருக்க வேண்டும், கட்டாயப்படுத்தக் கூடாது என்பதில் ஏர்ஸ் கறாராக இருந்தார்.

தன் உடன்பிறந்தவரின் மகனுக்கும் இதே சிக்கல் இருந்தது. அவருக்கு ஏர்ஸ் எழுதிய கடிதங்கள் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 2004-ல் புத்தகமாக வந்தன.

எதிர்ப்பும் கடைசி வேலையும்

ஏர்ஸைக் கொண்டாடியவர்கள் அளவுக்கு கேள்வி கேட்டவர்களும் இருந்தார்கள். மூளைக்குள் இப்படித்தான் நடக்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று சொந்தத் துறையிலேயே விமர்சனம் வந்தது. அவருடைய பதில் இன்னும் துல்லியமான சோதனைகள். 4 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்கு 17 சோதனைகள் கொண்ட தொகுப்பை உருவாக்கினார். புற்றுநோய் வாட்டிய காலத்திலும் அந்த வேலை ஓடியது. 1988 டிசம்பர் 16-ம் தேதி, 68 வயதில் ஏர்ஸ் காலமானார். தொகுப்பு வெளியானது 1989-ல். அச்சில் வந்ததைப் பார்க்க அவர் இல்லை.

இன்று என்ன நிலை?

விவாதம் இன்னும் முடியவில்லை. இதைத் தனி நோய்ப் பெயராகப் பயன்படுத்த வேண்டாம் என்று 2012-ல் அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அமைப்பு அறிவுறுத்தியது. அதே நேரம், மற்ற சிகிச்சைகளோடு சேர்த்து இதையும் கொடுக்கலாம், பலனை அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும் என்றது. 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 மனநலக் கையேட்டில், புலன் உணர்வு கூடுவதும் குறைவதும் ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 2014-ல் 32 குழந்தைகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. 2022-ல் வெளியான, 138 குழந்தைகளிடம் நடந்த பிரிட்டன் ஆய்விலோ வழக்கமான கவனிப்பைவிடப் பெரிய பலன் தெரியவில்லை.

அதனால் இத்தனை மாதத்தில் முழுசா குணமாக்கிடுவோம் என்று யாராவது உறுதி கொடுத்தால் உஷாராக இருப்பது நல்லது.

உடுமலைப் பெற்றோர் எங்கே தொடங்கலாம்?

* முதலில் குழந்தை நல மருத்துவர். காது, கண் பரிசோதனை அவசியம். ஆட்டிசம், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.
* எந்தச் சத்தம், எந்தத் துணி, எந்த நேரம் என்று இரண்டு வாரம் நோட்டில் குறித்து வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.
* 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் 18 வயது வரை இலவசப் பரிசோதனை உண்டு. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு, மாவட்ட அளவிலான ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பி வைக்கும். பள்ளி வயதுக் குழந்தை என்றால் வட்டார வள மையத்திலும் கேட்கலாம்.
* 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு. புலன் சிக்கல் மட்டும் இருந்தால் சான்றிதழ் கிடைக்காது. சரியான மதிப்பீடு முக்கியம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிகிச்சைக்காக கோவைக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏறி இறங்குவது லேசான காரியம் இல்லை. ஆனால் லேபிளை வெட்டி விடுவதற்கும், மிக்ஸி போடும் முன் குழந்தையிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கும், தேரைக் கொஞ்சம் தள்ளி நின்று காட்டுவதற்கும் எந்த மையமும் தேவையில்லை. ஏர்ஸின் கோட்பாட்டில் எது நிற்கும், எது நிற்காது என்பதை ஆய்வுகள் சொல்லட்டும். அழுகிற குழந்தையை அடிப்பதற்கு முன்னால் ஏன் அழுது என்று கேட்க வைத்ததில் அவர் ஜெயித்துவிட்டார்.