துவிச்சக்கரவண்டியில் போர்க்களம் கடந்தவர்

நோர்வூட் சந்தியில் வீதி இரண்டாகப் பிரிந்து மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் செல்கின்றது. தேயிலைச் சரிவுகளுக்கிடையே வளைந்து செல்லும் இவ்வீதிகளில் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் துவிச்சக்கரவண்டிகளில் மூச்சுவாங்க ஏறிச் செல்வதை நாம் அவ்வப்போது காண்கின்றோம். ஆனால், தொண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்னரே எம்மைப் போன்றதொரு தேயிலை மாவட்டத்தில் பிறந்த ஒருவர் இதே வாகனத்தில் உலகைச் சுற்றினார் என்பதை அறிந்தோர் எம்மிடையே மிகச் சிலரே. அவர் ராம்நாத் பிஸ்வாஸ்.

அன்றைய அசாம் மாகாணத்தின் சில்ஹெட் மாவட்டத்திலுள்ள பானியாசோங் கிராமத்தில் 1894ஆம் ஆண்டு அவர் பிறந்தார். நீர்நிலைகள் சூழ்ந்த தாழ்நிலக் கிராமம் அது. எனினும் அம்மாவட்டத்தின் குன்றுகளில் தேயிலைத் தோட்டங்கள் பரந்திருந்தன. எமது முன்னோரைப் போலவே தொலைதூரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களே அங்கும் கொழுந்து பறித்தனர்.

இளமையில் மோட்டார் பணிமனையொன்றில் வேலை பார்த்த அவர், இரகசியப் புரட்சி இயக்கமான அனுசீலன் சமிதியுடன் கொண்ட தொடர்பினால் அந்த வேலையை இழந்தார். முதலாம் உலகப் போரின்போது படையில் சேர்ந்து மெசொப்பொத்தேமியா சென்றார். போரின் முகத்தை அங்கேயே கண்டுவிட்டார் எனலாம்.

1931 ஜூலை 7ஆம் திகதி சிங்கப்பூரின் குயீன் வீதியிலிருந்து அவரது முதற் பயணம் ஆரம்பமானது. ஒரு சோடி செருப்பு, இரண்டு போர்வைகள், பழுதுபார்க்கும் கருவிகள் அடங்கிய ஒரு பெட்டி. இன்றைய பயணிகள் சுமந்துவரும் மூட்டைகளைப் பார்க்கையில் எமக்கு இந்தப் பட்டியலே வியப்பளிக்கின்றது. அங்கிருந்த இந்தியர்கள் பெருந்திரளாகக் கூடி அவரை வழியனுப்பினர். மலாயா, சியாம், இந்தோசீனா ஆகியவற்றைக் கடந்து அவர் சீனாவை அடைந்தார்.

அக்காலச் சீனா அமைதியான தேசமன்று. 1931 செப்டெம்பரில் ஜப்பானியப் படைகள் மஞ்சூரியாவினுள் புகுந்தன. 1932 ஜனவரியில் ஷங்காய் நகரின் மீது குண்டுகள் வீழ்ந்தன. உள்நாட்டிலோ கோமிந்தாங் அரசும் கம்யூனிஸ்டுகளும் மோதிக்கொண்டிருந்தனர். அத்தகைய தேசத்தினூடாகத்தான் அவர் மிதித்துச் சென்றார். பின்னர் அந்நாட்டைப் பற்றி எழுதிய நூலுக்கு மரணத்தை வென்ற சீனா எனப் பொருள்படும் பெயரைச் சூட்டியமை, அவர் எவரது பக்கம் நின்றார் என்பதை உணர்த்துகின்றது.

அடுத்த பயணம் ஆப்கானிஸ்தான், பாரசீகம் வழியாக ஐரோப்பாவுக்கு. 1938இல் ஆபிரிக்காவுக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும். இரண்டாம் உலகப் போர் மூண்ட பின் 1940இல் நாடு திரும்பினார். முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். பதிப்பாளர்கள் முன்வராமையால் தாமே ஒரு பதிப்பகத்தை நிறுவினார்.

இத்தனை எல்லைகளைக் கடந்தவரின் சொந்தக் கிராமமே இறுதியில் எல்லைக்கு அப்பால் போயிற்று. 1947 ஜூலையில் நடைபெற்ற மக்கள் வாக்கெடுப்பைத் தொடர்ந்து சில்ஹெட்டின் பெரும்பகுதி கிழக்கு பாகிஸ்தானுடன் இணைந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் பிறந்த மண்ணிலேயே நாடற்றவர்களாக்கப்பட்ட மலையக மக்களுக்கு இதன் வேதனையை நாம் விளக்க வேண்டியதில்லை. அவர் கல்கத்தாவில் குடியேறி, 1955 நவம்பர் 1ஆம் திகதி அங்கேயே காலமானார். பானியாசோங்கிலுள்ள அவரது பூர்வீக வீட்டை மீட்டுப் பாதுகாக்கக் கோரி, அண்மைக் காலத்தில் பங்களாதேஷின் துவிச்சக்கரவண்டி ஓட்டுநர்கள் குரலெழுப்பினர்.