குதிரையே வரியான நாடு!
குப்ளாய்கானின் குரு பக்பாவின் கதை

உலா என்றால் நமக்கு மகிழ்ச்சி. மன்னனோ தெய்வமோ வீதியில் பவனி வரும் காட்சி கண்முன் வரும். ஆனால் திபெத்துக் குடியானவனுக்கு உலா என்ற சொல்லைக் கேட்டாலே நடுக்கம்!

அங்கே உலா என்பது ஒரு வரி. பணமாகக் கட்டும் வரி அல்ல. அரசாங்க ஆள் வந்து நின்றால் குதிரை கொடுக்க வேண்டும். பொதி சுமக்க யாக் எருது கொடுக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் தானே சுமக்க வேண்டும். அடுத்த சாவடிவரை கொண்டுபோய் விட்டுத் திரும்ப வேண்டும். அறுவடைக் காலம் என்றாலும் தப்ப முடியாது.

அஞ்சல் குதிரையைக் குறிக்கும் மங்கோலியச் சொல்லிலிருந்து வந்தது இந்தப் பெயர். மங்கோலியச் சொல் திபெத்துக்கு எப்படி வந்தது? அந்தக் கதையின் நடுவில் நிற்பவர் ஒரு புத்த பிட்சு. அவர் பெயர் பக்பா.

சிறுவன் போன பயணம்

பக்பா 1235இல் பிறந்தார். இயற்பெயர் லோத்ரோ கியல்ட்சென். சிறு வயதிலேயே சாஸ்திரங்களை விளக்கிப் பெரியவர்களை வியக்க வைத்தார். அதனால் உயர்ந்தவர் என்ற பொருளில் பக்பா என்று அழைத்தார்கள்.

அவருடைய பெரியப்பா சாக்கிய பண்டிதர், சாக்கியா மடத்தின் தலைவர். 1244இல் மங்கோலிய இளவரசர் கோடானிடமிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. அழைப்பு என்று பெயர். மறுத்தால் படை வரும்! அறுபது வயதைக் கடந்த அந்தப் பெரியவர் புறப்பட்டார். பக்பாவையும் அவர் தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். மலைகளையும் பாலைகளையும் கடந்து லியாங்சோ நகரை அடைய 2 ஆண்டுகள் ஆயின.

1251இல் பெரியப்பா அங்கேயே காலமானார். பதினாறு வயதுப் பக்பா அந்நிய மண்ணில் தனித்து நின்றார்.

சக்கரவர்த்தியின் குரு

1253இல் குப்ளாய்கான் அவரைத் தம்மிடம் வரவழைத்தார். உபதேசம் நடக்கும்போது யார் உயர்ந்த ஆசனத்தில் அமர்வது என்று சிக்கல் எழுந்தது. ராணி சாபி ஒரு வழி சொன்னார். தனிமையில் உபதேசம் கேட்கும்போது குரு மேலே. அரச சபையில் கான் மேலே. இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

1254இல் குப்ளாய் ஒரு சாசனம் கொடுத்தார். பிட்சுகளுக்கு வரி இல்லை. படைச் சேவை இல்லை. அரசாங்கத் தூதர்கள் மடங்களில் தங்கக் கூடாது. மடத்தாரிடம் அஞ்சல் குதிரை கேட்கவும் கூடாது. மடங்களுக்குப் பெரிய பாதுகாப்பு இது. ஆனால் மடம் கொடுக்காத குதிரையை யார் கொடுப்பது?

பதில் விரைவில் வந்தது!

27 சாவடிகள்

1260இல் குப்ளாய் பட்டத்துக்கு வந்தார். பக்பா அரச குரு ஆனார். 1264இல் திபெத்தையும் பௌத்த மடங்களையும் கவனிக்கும் அலுவலகம் அவர் தலைமையில் அமைந்தது. அந்தக் காலத்தில்தான் தாஷ்மன் என்ற அதிகாரி திபெத்துக்கு வந்தார். சீன எல்லையிலிருந்து சாக்கியாவரை, வழியின் தூரத்தையும் மக்கள் தொகையையும் பார்த்து 27 பெரிய அஞ்சல் சாவடிகளை அமைத்தார். அவற்றில் 11 மத்திய திபெத்தில் இருந்தன.

1268இல் குடிக்கணக்கு எடுத்தார்கள். ஆறு தூண் உள்ள வீடு, ஆறு பேர், விதைக்க நிலம், கால்நடை - இவை சேர்ந்தது ஒரு குடும்பம். குடும்பங்களை நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று கூட்டி வட்டங்கள் பிரித்தார்கள். ஒவ்வொரு வட்டமும் தனக்குரிய சாவடிக்குக் குதிரையும் ஆளும் உணவும் கொடுக்க வேண்டும்.

தூதன் பறந்தான். அரசாணை பறந்தது. குடியானவன் களைத்தான்!

பட்டயத்தில் அவர் எழுத்து

1269இல் பக்பா, சக்கரவர்த்தியின் ஆணைப்படி, ஒரு புதிய எழுத்தை உருவாக்கிக் கொடுத்தார். சாம்ராஜ்யத்தின் எல்லா மொழிகளையும் அதில் எழுதலாம் என்பது எண்ணம். அடுத்த ஆண்டு ராஜ குரு பட்டம் கிடைத்தது.

அந்த எழுத்தை எங்கே பொறித்தார்கள் தெரியுமா? தூதர்கள் கையில் ஏந்தும் உலோகப் பட்டயங்களில்! அதைக் காட்டினால் சாவடியில் குதிரை தயாராக வேண்டும். மதிக்காதவன் குற்றவாளி.

எதிர்ப்பும் எழுந்தது. நார்த்தாங் மடத்து அறிஞர் ஒருவர், அரசாணை மேகங்கள் தர்மத்தை மறைக்கின்றன என்று கவி எழுதிக் குத்திக் காட்டினார். பக்பாவும் கவியிலேயே பதில் சொன்னார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. மங்கோலியப் படை பல நாடுகளை எரித்தது. அவர் காலத்தில் சாக்கியா எரியவில்லை.

1276இல் பக்பா சாக்கியாவுக்குத் திரும்பினார். 1280இல் நாற்பத்தைந்தாம் வயதில் இறந்தார். விஷம் வைத்தார்கள் என்று வதந்தி பரவியது. சாங்கோ என்ற அமைச்சர் படையுடன் வந்தார். சாக்கியாவின் முன்னாள் நிர்வாகி குங்கா சாங்போ 1281இல் கொல்லப்பட்டார்.

வந்த இடத்தில் சாங்கோ சாவடிகளின் நிலையையும் கண்டார். வடக்கே கடும் குளிரில் சேவைக்கு அனுப்பப்பட்ட மத்திய திபெத்து மக்கள், தாங்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். வடக்குச் சாவடிகளைப் படைவீரர்கள் நடத்தட்டும், மக்கள் பொருள் மட்டும் அனுப்பட்டும் என்று அவர் மாற்றினார். உடல் உழைப்பு குறைந்தது; வரி நிற்கவில்லை.

எழுநூறு ஆண்டுப் பாரம்

மங்கோலியர் ஆட்சி போனது. சாக்கியாவின் செல்வாக்கும் போனது. உலா மட்டும் போகவில்லை! பின்னால் வந்த ஒவ்வொரு ஆட்சிக்கும் அது வசதியாக இருந்தது. 1950களில் பதினான்காம் தலாய் லாமா, அரசின் தனி அனுமதி இல்லாமல் யாரும் குதிரை கேட்கக் கூடாது என்று உத்தரவிட்டு, வாடகையையும் உயர்த்தினார். 1959இல் சீன அரசு பழைய நிர்வாகத்தைக் கலைத்து, உலாவையும் ஒழித்தது.

பக்பாவின் எழுத்துப் பொறித்த இரும்புப் பட்டயம் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளி பதித்த அழகான பட்டயம். அதைக் கண்டு அன்று குதிரையை அவிழ்த்துக் கொடுத்தவனுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்காது. பொருள் மட்டும் நன்றாகப் புரிந்திருக்கும்!