சிவப்பு மணியும் வெள்ளிக்கிழமை ரிலீஸும்: டெமிங் தாத்தாவின் கதை

பிளேஸ்மென்ட் முடிஞ்சு, ஆஃபர் லெட்டரை மெயில்ல பத்து தடவை திறந்து பாத்துட்டு இருக்கற இறுதியாண்டுக் கூட்டத்துல நானும் ஒருத்தன். உங்க ரெஸ்யூமேல டாக்கர், குபர்னெட்டிஸ், சிஐ-சிடினு ஒரு வரி கண்டிப்பா இருக்கும். என்னோடதுலயும் இருக்கு. அந்த ஒரு வரியை நம்பி இன்டர்ன்ஷிப் போனப்ப நடந்ததை முதல்ல சொல்லிடறேன். அப்புறம் ஒரு அமெரிக்கத் தாத்தா கதைக்கு வரலாம்.

பெரிய கம்பெனி, பேரு வேணாம். இருக்கற எல்லா அப்ளிகேஷனையும் கிளவுடுக்கு மாத்திட்டு இருந்தாங்க. கன்டெய்னர் இருந்தது, க்ளஸ்டர் இருந்தது, பைப்லைன் இருந்தது. ஆனா ரிலீஸ் மட்டும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை ராத்திரி. அதுக்கு முன்னாடி ஒரு எக்செல் ஷீட்ல ஆறு பேர் அப்ரூவல் போடணும். டெவலப்பர் டீம் எங்க மாடியில, ஆபரேஷன்ஸ் டீம் வேற ஊர்ல.

அந்த வாரம் ஒரு கான்ஃபிக் ஃபைல்ல டேட்டாபேஸ் அட்ரஸ் பழைய சர்வரோடதாவே இருக்கறதை நான் பாத்தேன். சொல்லலாமா வேணாமானு யோசிச்சேன். இன்டர்ன் தானே, தப்பா கேட்டு அசிங்கப்படணுமானு வாயை மூடிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு ரிலீஸ் விழுந்தது. மறுநாள் மீட்டிங்ல, என்ன ஆச்சுனு யாரும் கேக்கல. யார் பண்ணதுனுதான் கேட்டாங்க. ரெண்டு வருஷ அனுபவம் உள்ள ஒரு அண்ணா தலைகுனிஞ்சு நின்னாரு. அது அவரோட அப்ரைசல் வரைக்கும் போச்சு. நான் அப்பவும் பேசல.

ஊருக்கு வந்தும் அது மனசை விட்டுப் போகல. டெவாப்ஸ் பத்தித் தேடித் தேடிப் படிச்சப்ப, திரும்பத் திரும்ப ஒரே பேர் வந்தது. வில்லியம் எட்வர்ட்ஸ் டெமிங். 1993-லேயே இறந்து போனவர். கன்டெய்னர்னு சொன்னா அவருக்குக் கப்பல்தான் ஞாபகம் வந்திருக்கும். ஆனாலும் என் கதையில எங்க தப்பு நடந்ததுனு எனக்குப் புரிய வச்சது அவர்தான்.

தெருவிளக்கு ஏத்தின பையன்

டெமிங் 1900 அக்டோபர் 14-ம் தேதி அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சூ சிட்டி என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே குடும்பம் வயோமிங் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. வசதியில்லாத குடும்பம். பள்ளியில் படிக்கும்போதே ஹோட்டலில் விறகும் கரியும் சுமந்தார், ஊரின் தெருவிளக்குகளை ஏற்றினார். அம்மா இசை சொல்லிக் கொடுத்தவர். அதனால் கடைசி வரை டெமிங்குக்கு இசைப் பைத்தியம் உண்டு.

1921-ல் வயோமிங் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் முடித்தார். ஆமா, நம்ம ட்ரிபிள்-ஈ ஆளுதான்! பிறகு கொலராடோவில் முதுகலை, 1928-ல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். நடுவில் கோடை விடுமுறைகளில் சிகாகோ பக்கம் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பல்லாயிரம் பேர் டெலிபோன் சாதனங்கள் செய்த இடம் அது.

அவர் வாழ்க்கையைத் திருப்பியவர் பெல் லேப்ஸில் இருந்த வால்டர் ஷூஹார்ட். 1924-ல் கன்ட்ரோல் சார்ட்டை உருவாக்கியவர். அவர் சொன்னது இதுதான்: எந்த வேலையிலும் ஏற்ற இறக்கம் இருக்கும். அதில் ஒரு வகை, அந்த அமைப்பு இருக்கும் விதத்தால் எப்போதும் வருவது. இன்னொரு வகை, குறிப்பிட்ட ஒரு காரணத்தால் என்றைக்கோ ஒரு நாள் வருவது. ரெண்டையும் குழப்பிக்கிட்டா, சரி பண்றேன்னு போய் இன்னும் கெடுத்துடுவோம். சர்வர் லேட்டன்சி கிராஃப் வழக்கம் போல மேல கீழ ஆடறதுக்கெல்லாம் நடுராத்திரி ஒருத்தரை எழுப்பி விடற அலர்ட்டை யோசிச்சுப் பாருங்க. அதே விஷயம்தான்.

கத்துக் கொடுத்தார், மறந்துட்டாங்க

1939-ல் டெமிங் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்கு வந்தார். 1940 கணக்கெடுப்பில்தான் அந்த நாட்டில் முதன்முறையாக சாம்பிளிங் முறை பயன்பட்டது. அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. விவரங்களைத் துளை அட்டைகளில் ஏற்றும் வேலையையும் அவர் மாற்றினார். தொடர்ந்து நன்றாகச் செய்பவர்களின் எல்லா அட்டைகளையும் மறுபடி சரிபார்க்காமல், சாம்பிள் மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும் என்று ஆக்கினார்.

அடுத்து இரண்டாம் உலகப் போர். ஆயுதத் தொழிற்சாலைகளின் இன்ஜினியர்கள் ஆயிரக்கணக்கில் புள்ளியியல் தரக்கட்டுப்பாடு கற்றார்கள். அந்த வகுப்புகளுக்கான யோசனையில் டெமிங் முக்கியமானவர். ஆனால் போர் முடிந்ததும் எல்லாம் கரைந்து போனது. எது செய்தாலும் விற்ற காலம் அது. தரத்தைப் பற்றி யாருக்குக் கவலை?

தான் எங்கே சறுக்கினோம் என்று டெமிங் பின்னாளில் கண்டுகொண்டார். இன்ஜினியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், முதலாளிகளுக்குச் சொல்லவே இல்லை. கருவி கீழே இருந்தது, முடிவு எடுக்கிற கை மேலே இருந்தது. என் இன்டர்ன்ஷிப் கம்பெனியில நடந்ததும் கிட்டத்தட்ட இதுதானே?

டோக்கியோ, 1950

அந்தத் தவறை அவர் ரெண்டாவது தடவை செய்யவில்லை. 1947-ல் கணக்கெடுப்பு வேலைக்காக ஜப்பான் போய் வந்தவரை, 1950-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கம் பாடம் நடத்த அழைத்தது. போரில் நொறுங்கிப் போயிருந்த நாடு. ஜப்பான் பொருள் என்றாலே மட்டமான மலிவுச் சரக்கு என்று உலகம் நினைத்த காலம்.

டெமிங் இன்ஜினியர்களுக்கு எட்டு நாள் வகுப்பு எடுத்தார். அதோடு நிற்காமல், பெரிய நிறுவனங்களின் தலைவர்களைச் சந்திக்க வேண்டும் என்றார். சங்கத்தின் தலைவர் இச்சிரோ இஷிகாவா அவர்களைக் கூட்டி வந்தார். ஜூலையில் டோக்கியோ, ஆகஸ்டில் ஹகோனே. அவர்களுக்கு டெமிங் சொன்னதன் சாரம்: பொருளைச் செய்து முடித்த பிறகு கெட்டதைப் பொறுக்கி எறியாதீர்கள், செய்யும்போதே சரியாக வரும்படி முறையை மாற்றுங்கள். மூலப்பொருள் தருபவரில் இருந்து வாங்குபவர் வரை எல்லாம் ஒரே ஓட்டம். சின்னதாகச் செய்து பாருங்கள், விளைவைப் பாருங்கள், திருத்துங்கள், மறுபடி செய்யுங்கள்.

வகுப்புக் குறிப்புகள் புத்தகமாக வந்தபோது அந்த ராயல்டியை அவர் வாங்கவில்லை. அந்தப் பணத்தில் 1951-ல் தொடங்கியதுதான் டெமிங் பரிசு. 1960-ல் ஜப்பான் பேரரசரின் விருது கிடைத்தது. 1965-ல் டொயோட்டா டெமிங் பரிசு வாங்கியது. ஒண்ணு நேர்மையா சொல்லணும்: ஜப்பானின் எழுச்சிக்கு இவர் ஒருத்தர் மட்டும் காரணமில்லை. ஜுரான், கவோரு இஷிகாவா, டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ என்று பல பேர் உழைத்திருக்கிறார்கள்.

79 வயசுல வந்த புகழ்

சொந்த ஊர்ல மட்டும் யாரும் கண்டுக்கல. வாஷிங்டனில், தன் வீட்டு அடித்தளத்தில் ஆபீஸ் வைத்து அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1980 ஜூன் 24 அன்று என்பிசி தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்தது. ஜப்பானால் முடிகிறபோது நம்மால் ஏன் முடியவில்லை என்பதுதான் அதன் கேள்வி. கடைசிப் பகுதியில் டெமிங். அதன் பிறகு அவருக்கு போன் மேல் போன்.

ஃபோர்டும் கூப்பிட்டது. 1980 முதல் 1982 வரை மூன்று பில்லியன் டாலருக்கு மேல் நஷ்டம் கண்ட கம்பெனி. தரத்துக்கு ஏதாவது டெக்னிக் தருவார் என்று காத்திருந்தவர்களிடம் அவர் நிர்வாகத்தைப் பற்றிக் கேள்வி கேட்டார். அந்தக் காலத்தில் உருவான டாரஸ் காரில் டிசைனர், இன்ஜினியர், தொழிற்சாலை ஆட்கள், சப்ளையர் எல்லாரும் ஆரம்பத்தில் இருந்தே ஒரே டீமாக உட்கார்ந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு துறை முடித்து அடுத்த துறைக்குச் சுவர் தாண்டி எறிவதுதான் வழக்கம். 1986-ல் ஃபோர்டின் லாபம் ஜெனரல் மோட்டார்ஸைத் தாண்டியது. 1920-களுக்குப் பிறகு அதுதான் முதல் முறை.

சிவப்பு மணி விளையாட்டு

அவரோட நாலு நாள் கருத்தரங்குகளில் ரொம்பப் பிரபலமானது இது. ஒரு பெட்டியில் 4000 மணிகள். 3200 வெள்ளை, 800 சிவப்பு. 50 குழி உள்ள ஒரு பலகையை உள்ளே விட்டு எடுக்கணும். வெள்ளை மணி நல்ல பொருள், சிவப்பு மணி டிஃபெக்ட். கூட்டத்தில் இருந்து ஆறு பேரைத் தொழிலாளிகளாகக் கூப்பிடுவார். தானே மேஸ்திரி. குறைந்த சிவப்பு எடுத்தவருக்குப் பாராட்டு, கூட எடுத்தவருக்குத் திட்டு. கடைசியில் மோசமான மூன்று பேருக்கு வேலை போகும். மிச்ச மூன்று பேரும் ஆளுக்கு ரெண்டு ஷிஃப்ட் பார்த்தாலும் சிவப்பு வந்துகொண்டேதான் இருக்கும். பெட்டியில் ஐந்தில் ஒன்று சிவப்பு. தொழிலாளி என்ன செய்வார், பாவம்?

இதை ஹாஸ்டல்ல நாங்களே செஞ்சு பாத்தோம். ஃபேன்சி ஸ்டோர்ல பாசிமணி வாங்கி 320 வெள்ளை, 80 சிவப்பு. கண்ணை மூடி 50 எடுக்கணும். முதல் ரவுண்டுல என் ரூம்மேட்டுக்கு 14 சிவப்பு, பக்கத்து ரூம் பையனுக்கு 7. பயங்கர ஓட்டு ஓட்டினோம். ரெண்டாவது ரவுண்டுல ரூம்மேட்டுக்கு 9, அவனுக்கு 13. அப்புறம் யாரும் பேசல.

கணக்கு போட்டுப் பாருங்க. டெமிங்கோட பலகையில சராசரி 10 சிவப்பு. ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 2.8-க்குப் பக்கம். மூணு சிக்மா எல்லை வச்சா 2-ல இருந்து 18 வரைக்கும் எது வந்தாலும் அது பெட்டியோட வேலை, ஆளோட வேலை இல்லை. பிரச்சினைகளில் 94 சதவீதம் அமைப்பினுடையது, அதை மாற்றுவது நிர்வாகத்தின் பொறுப்பு என்பது டெமிங்கின் மதிப்பீடு.

எனக்கு அந்த அண்ணாவோட முகம்தான் ஞாபகம் வந்தது. ஆறு பேர் கையெழுத்து போட்டும் யாரும் உண்மையில திறந்து பாக்காத ஃபைல். கையால மாத்த வேண்டிய அட்ரஸ். மூணு மாச மாற்றங்கள் ஒரே ராத்திரியில. அந்தப் பெட்டியில இருந்து அன்னைக்கு சிவப்பு மணி அவர் கையில வந்தது, அவ்ளோதான்.

குபர்னெட்டிஸுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

டெமிங் நிர்வாகத்துக்கு 14 கொள்கைகள் எழுதினார். 1986-ல் வந்த அவுட் ஆஃப் தி கிரைசிஸ் புத்தகத்தில் விரிவாக இருக்கிறது. அதில் சிலதை மட்டும் நம்ம மொழியில பாருங்க.

மூணாவது கொள்கை: கடைசியில் சோதிப்பதை நம்பாமல், தரத்தை உள்ளேயே வைத்துக் கட்டு. இன்னைக்கு ஒவ்வொரு கமிட்டுக்கும் பைப்லைன்ல தானா ஓடற டெஸ்ட் அதுதான். எட்டாவது: பயத்தை விரட்டு. தப்பு நடந்தா ஆளைத் தேடாம காரணத்தைத் தேடற போஸ்ட்மார்ட்டம் அது. ஒன்பதாவது: துறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவரை உடை. டெவலப்பரும் ஆபரேஷன்ஸும் ஒண்ணா உக்காரணும்னு சொல்ற டெவாப்ஸ், பேர் வாங்கினதே 2009-லதான். பத்தாவது: தொழிலாளிக்கு வாசகம் எழுதிய போஸ்டர் ஒட்டாதே. ஜீரோ டிஃபெக்ட் போஸ்டர் ஒட்டின சுவரை நீங்களும் பாத்திருப்பீங்க.

குபர்னெட்டிஸை கூகுள் 2014-ல் ஓப்பன் சோர்ஸ் ஆக்கியது. இன்னைக்கு யார் வேணும்னாலும் எடுத்துப் போடலாம். சின்னச் சின்ன சர்வீஸா பிரிச்சு, ஒரு நாளைக்குப் பல தடவை ரிலீஸ் பண்ணி, கெட்டா உடனே பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாம். ஆனா ஆறு அப்ரூவலும் பயமும் அப்படியே இருந்தா, மூணு மாசத்துக்கு ஒரு ரிலீஸ்தான் வரும். புது பெட்டி, அதே மணி. பெரிய நிறுவனம் கிளவுடுக்கு மாறறதுல சாஃப்ட்வேர் பங்கு கம்மி. மேல இருக்கறவங்க வேலை நடக்கற விதத்தை மாத்தணும்.

நம்ம பாடியிலும்

இதெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்து வராதுனு நினைச்சீங்கன்னா, சென்னை பாடிக்குப் போங்க. அங்கே இருந்த சுந்தரம் கிளேட்டன் 1998-ல் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவில் அதை வாங்கிய முதல் கம்பெனி அதுதான். 2002-ல் டிவிஎஸ் மோட்டாரும் வாங்கியது. பிரேக்கும் பைக்கும் செய்யற இடத்துல முடிஞ்சது, கோட் எழுதற இடத்துல முடியாதா என்ன?

டெமிங் 1993 டிசம்பர் 20 அன்று வாஷிங்டனில் தன் வீட்டில் காலமானார். வயது 93. கடைசி வருஷம் வரைக்கும் கருத்தரங்கு நடத்திக்கொண்டுதான் இருந்தார்.

இன்னும் சில மாசத்துல நானும் நீங்களும் ஏதோ ஒரு பெரிய கம்பெனியில ட்ரெய்னியா உக்காரப் போறோம். நிர்வாகத்தை மாத்தற இடத்துல நாம இல்லை. டெமிங்கே கேட்டா, அது உங்க வேலையும் இல்லைனுதான் சொல்லியிருப்பார். ஆனா ஒண்ணு பண்ணலாம். கண்ணுல பட்ட கான்ஃபிக் தப்பைச் சொல்லலாம். என்னைக்காவது நாம டீம் லீட் ஆகி, ஒரு இன்டர்ன் தயங்கித் தயங்கி வந்து நின்னா, என்னனு காது கொடுத்துக் கேக்கலாம்.

அந்த அண்ணாவுக்குப் போன வாரம் மெசேஜ் பண்ணினேன். அன்னைக்கு அந்த ஃபைலை நானும் பாத்தேன், சொல்லாம விட்டுட்டேன், மன்னிச்சுடுங்கனு. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு ஸ்மைலி வந்தது. கூடவே ஒரு வரி: அடுத்த தடவை சொல்லிடு தம்பி.

சொல்றேன் அண்ணா.

இறுதியாண்டு, கணினி அறிவியல்