பாகீரதியம்மாவின் புடவை

பெங்களூரு பசவனகுடியில் நமது ஆசிரமம் அமைந்துள்ள புல் டெம்பிள் சாலையிலேயே கோகலே பொது விவகார நிறுவனமும் இருக்கிறது. 1945-இல் அதனை நிறுவியவர் டி.வி.ஜி. என்று கன்னட மக்கள் போற்றும் டி.வி. குண்டப்பா. 1887-இல் முளபாகலில் பிறந்த அவர், பத்திரிகையாளராக வாழ்வைத் தொடங்கினார். எழுத்து புகழைத் தந்தது, பணத்தைத் தரவில்லை.

ஒரு முறை உறவினர் வீட்டு விசேஷத்திற்கு அவருடைய துணைவியார் பாகீரதியம்மா குழந்தைகளை மட்டும் அனுப்பிவிட்டுத் தாம் வீட்டிலேயே தங்கிவிட்டார். காரணம் கேட்டார் கணவர். உடுத்திச் செல்ல நல்ல புடவை இல்லை. கிழிந்ததைக் கட்டிக்கொண்டு நாலு பேர் நடுவில் சென்றால் குறை சொல்லப்படுவது கணவரின் பெயர்தான் என்பது அந்த அம்மையாரின் எண்ணம். டி.வி.ஜி. இதைத் தம் நினைவுகளில் மறைக்காமல் பதிவு செய்துள்ளார்.

அத்தகைய துணைவி, அவருக்கு நாற்பது வயதாகும் முன்பே மறைந்தார். குழந்தைகளோ சிறியவர்கள். ஆண்கள் மறுமணம் செய்துகொள்வது அன்று வெகு இயல்பு. அவ்வுரிமை பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்த கொடுமையையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. டி.வி.ஜி. மறுமணம் செய்துகொள்ளவில்லை. காவியுடுத்திக் கிளம்பிவிடவும் இல்லை. குழந்தைகளை வளர்த்தார், எழுதினார், பொதுப்பணி செய்தார். மகன் பி.ஜி.எல். சுவாமி பிற்காலத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் புகழ்பெற்ற தாவரவியல் பேராசிரியரானார்.

துயரத்தை ஏற்றுக்கொள்வது என்றால் அதை மறப்பது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். டி.வி.ஜி.யின் வழி வேறு. பல ஆண்டுகளுக்குப் பின் 1943-இல் வெளிவந்த 'மங்குதிம்மன கக்க' என்ற நூலின் 945 நாலடிப் பாடல்களில், விதி ஏன் இப்படி நடத்துகிறது, படைப்புக்குப் பொருள் உண்டா என்ற கேள்விகளை அவர் தயங்காமல் எழுப்புகிறார். பிறருக்கு உபதேசிப்பதாக அன்றி, மந்தபுத்தியுள்ள திம்மன் என்பவனை விளித்து, தமக்கே சொல்லிக்கொள்வது போல் அமைத்தார். கீதையை அவர் விளக்கிய நூலுக்கு 'ஜீவன தர்ம யோகம்' என்றே பெயர். 1967-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நூல் அது. கீதை துறவியருக்கு மட்டும் உரியதன்று, வீட்டில் இருந்து வாழ்பவனுக்கும் உரியது என்பது அதன் அடிப்படை. வீட்டை விட்டு வந்த எம்போன்றோர் அதைப் படிக்கும்போது சற்றுத் தலைகுனியத்தான் வேண்டியிருக்கிறது.

1970-இல் பெங்களூருவில் விழா எடுத்து அவருக்குப் பொற்கிழி அளித்தனர். ஒரு காலத்தில் மனைவிக்கு நல்ல புடவை இல்லாதிருந்த அந்த இல்லத்தின் தலைவர், தொகை முழுவதையும் கோகலே நிறுவனத்திற்கே கொடுத்துவிட்டார். 1975 அக்டோபர் 7-ஆம் நாள், தமது 88-ஆம் வயதில், அவர் காலமானார்.